“பேட்டரிக்கு நாடி பார்த்துட்டுத்தான் அட்வான்ஸ்!” - கிள்ளையில் ஒரு செகண்ட் ஹேண்ட் மின்சாரக் கார் வாங்கிய கதை

“வண்டி சூப்பரா இருக்குக்கா. பெயின்ட்கூட மங்கல. ஒரு தடவை சார்ஜ் போட்டா 200 கிலோமீட்டர் போகுமாம். வேற ஆளும் கேக்குறாங்களாம். நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா?”

கிள்ளையிலிருந்து தம்பி போனில் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கார் இல்லை, அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி. அதை அடகு வைத்து, ஏலச்சீட்டு எடுத்து, மிச்சத்துக்குக் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கித்தான் ஆறரை லட்ச ரூபாய் தேற்றியிருந்தான்.

ஆசைக்காகக் கார் வாங்கும் குடும்பம் இல்லை எங்களுடையது. அம்மாவுக்கு மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மரில் காட்ட வேண்டும். கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கடலூர், அப்புறம் புதுச்சேரி. விடியற்காலையில் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். முழங்கால் வலியோடு 68 வயதில் மூன்று பஸ் மாறுவது லேசான காரியமா? வாடகைக் காருக்கு ஒவ்வொரு மாதமும் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. முடசல் ஓடை பக்கம் வலை, கயிறு விற்கும் கடை வைத்திருக்கும் தம்பிக்கு, கடைச் சாமான் ஏற்றவும் ஒரு வண்டி தேவைப்பட்டது. பெட்ரோல் செலவை நினைத்து, மின்சாரக் கார் என்று முடிவு செய்தான். புதுசு வாங்கப் பணம் போதாது. அதனால் செகண்ட் ஹேண்ட்.

“200 கிலோமீட்டர் போகும்னு யார் சொன்னது?” என்றேன்.

“விக்கிறவர்தான்.”

“புதுசா இருந்தப்போ போனதா, இப்போ போறதா?”

மறுமுனையில் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த மௌனத்தில் தொடங்கியதுதான்.

அண்டாவும் வண்டலும்

பெட்ரோல் கார் பழசானால் என்ஜின் தேயும், மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆனால் டேங்க் சுருங்காது. 35 லிட்டர் பிடித்த டேங்க் பத்து வருஷம் கழித்தும் 35 லிட்டர் பிடிக்கும். மின்சாரக் காரில் அப்படியில்லை. வருஷம் ஆக ஆக டேங்கே சுருங்கும்.

வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குடம் பிடிக்கும் அண்டா. கழுவாமல் விட்டால் அடியில் வண்டல் படிந்துகொண்டே வரும். சில வருஷம் கழித்து எட்டுக் குடம் ஊற்றினாலே தளும்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அண்டா நிறைந்துதான் இருக்கிறது. உள்ளே இருப்பது எட்டுக் குடம்தான்.

காரின் டிஸ்பிளேயும் இப்படித்தான். ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில் ‘100 சதவீதம்’ என்று காட்டும். அது இன்றைய அண்டாவின் நூறு சதவீதம். புதுசாக இருந்தபோது இருந்த அண்டாவின் நூறு இல்லை. பேட்டரி இப்போது எவ்வளவு கொள்கிறது என்பதைப் புதிய பேட்டரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணுக்கு ‘ஸ்டேட் ஆஃப் ஹெல்த்’ என்று பெயர். சுருக்கமாக எஸ்.ஓ.ஹெச். தமிழில் பேட்டரி ஆரோக்கியம் எனலாம். 100 என்றால் புதுசு. 80 என்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

இதற்காகப் பயந்துவிடவும் வேண்டாம். கனடாவைச் சேர்ந்த ஜியோடாப் என்ற நிறுவனம் ஆயிரக்கணக்கான மின்சார வண்டிகளின் தகவல்களை வைத்துக் கணக்கிட்டது. 2020-ல் அவர்கள் சொன்ன சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 2.3 சதவீதம். 2024-ல் சொன்னது 1.8 சதவீதம். ஆக, ஐந்து வருஷ வண்டியில் பத்து சதவீதம் வரை குறைந்திருப்பது இயல்பு. ஆனால் இது சராசரி. நம் கையில் வரப்போகும் ஒரு வண்டி சராசரியா, அதற்கு மேலா, கீழா என்பதுதான் கேள்வி. தினமும் வெயிலில் நிறுத்தி, எப்போதும் ஃபாஸ்ட் சார்ஜரிலேயே போட்டு, நூறு சதவீதத்திலேயே நாள்கணக்கில் விட்ட வண்டியும், வீட்டு நிழலில் மெதுவாகச் சார்ஜ் ஏறிய வண்டியும் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே ஆரோக்கியத்தில் இருக்காது.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வாசல்

எதிர்வீட்டுப் பையன் ஒருவன் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறான். தம்பி அவனிடம் விஷயத்தைச் சொன்னதும், “அண்ணே, அட்வான்ஸ் கொடுக்காதீங்க. முதல்ல ஒரு ஓ.பி.டி அடாப்டர் வாங்குங்க” என்றிருக்கிறான்.

கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை அதில்தான் செருகுவார்கள். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் பெட்ரோல் கார்களிலும் இந்தச் சாக்கெட் கட்டாயம் ஆனது. புகை அளவைக் கண்காணிக்க வந்த ஏற்பாடு அது. புகையே விடாத மின்சாரக் காரிலும், பழுது பார்க்க வசதியாக, பெரும்பாலும் இதே வாசலை வைத்திருக்கிறார்கள்.

தீப்பெட்டி அளவுள்ள அடாப்டரை அதில் செருகினால், காருக்குள் ஓடும் தகவல்களை ப்ளூடூத் வழியாக நம் போனுக்கு அனுப்பும். போனில் உள்ள ஆப் அதைப் படித்துக் காட்டும். சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை அடாப்டர்கள் கிடைக்கின்றன. ‘ஈ.எல்.எம் 327’ என்ற பெயரில் விற்பவைதான் அதிகம். அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பின் பெயர். மலிவாக வருபவை பெரும்பாலும் அதன் நகல்கள். சில நகல்கள் நன்றாகவே வேலை செய்யும், சில பாதி தகவலை விழுங்கிவிடும்.

அடாப்டர் வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, உங்கள் போன். ஆண்ட்ராய்டு போனில் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் போதும். ஐபோனுக்கு ‘ப்ளூடூத் லோ எனர்ஜி’ வகையோ வைஃபை வகையோதான் வேண்டும். மற்றொன்று, ஆப். பெட்ரோல் காரின் பொதுத் தகவல்களை எந்த ஆப்பும் படித்துவிடும். மின்சாரக் காரின் பேட்டரி விவரங்களை ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு பாஷையில் வைத்திருக்கிறது. ‘கார் ஸ்கேனர்’ போன்ற ஆப்கள் பல மாடல்களின் பாஷையைக் கற்று வைத்திருக்கின்றன. நாம் பார்க்கப்போகும் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் காசு போட வேண்டும்.

இலங்கைக்காரர்கள் எப்போதோ கற்ற பாடம்

இது நமக்குப் புதுசாக இருக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பழைய கதை.

நிசான் நிறுவனம் 2010 டிசம்பரில் ‘லீஃப்’ என்ற மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. சுற்றியிருக்கும் காற்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் ஓடிய வண்டிகளில் இரண்டு வருஷத்துக்குள்ளேயே பேட்டரி அளவைக் காட்டும் கோடுகள் மறையத் தொடங்கின. 2012 செப்டம்பரில் உரிமையாளர்களே ஒரு டஜன் லீஃப் கார்களை ஓரிடத்தில் கூட்டி, எது எவ்வளவு தூரம் போகிறது என்று ஓட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் நிசான், ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் 12 கோடுகளில் 9-க்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று பேட்டரி கொள்ளளவுக்கும் உத்தரவாதம் அறிவித்தது.

அந்தச் சமயத்தில் பிறந்தவைதான் பேட்டரி பார்க்கும் ஆப்கள். லீஃப் காருக்கென்றே வந்த ‘லீஃப் ஸ்பை’ என்ற ஆப், ஆரோக்கிய சதவீதம், 96 செல் ஜோடிகளின் வோல்டேஜ், வெப்பநிலை, எத்தனை முறை ஃபாஸ்ட் சார்ஜ் போட்டார்கள் என்பது வரை காட்டிக்கொடுத்தது.

2014, 2015-ல் இலங்கையில் மின்சாரக் கார்களுக்கு வரி குறைவாக இருந்தது. ஜப்பானில் ஓடிய பழைய லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இறங்கின. பின்னர் வரி ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்கே தடை வந்தது. 2022-ல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றபோது, இருக்கிற மின்சாரக் கார்களுக்கு மவுசு கூடிவிட்டது. அப்போது புதுசு வரவில்லை, பழசைத்தான் கைமாற்ற வேண்டியிருந்தது. இந்த நிலையில் பேட்டரியைப் பார்க்காமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பதுதான். ஹைபிரிட் கார்களையும் சேர்த்து, பேட்டரி ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டு வாங்குவது அங்கே சாதாரண பழக்கம்.

அந்தச் சந்தையில் பிறந்த ஏமாற்று வேலை ஒன்றும் நமக்குப் பாடம். பழைய லீஃப் காரின் பேட்டரிக் கம்ப்யூட்டரை ‘ரீசெட்’ செய்துவிட்டால், மறைந்த கோடுகள் எல்லாம் திரும்ப வந்துவிடும். பேட்டரி அதே கிழ பேட்டரிதான். வாங்கியவர் சில வாரம் ஓட்டிய பிறகு கம்ப்யூட்டர் உண்மையைக் கற்றுக்கொண்டு கோடுகளை மறுபடி இறக்கும். அதற்குள் விற்றவர் பணத்தோடு போயிருப்பார்.

அதனால் ஒரே ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எதிர்வீட்டுப் பையன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

முதல் கார்: 91 சதவீதம், ஆனாலும்...

தம்பி பார்த்து மயங்கிய அந்தப் பளபளப்பான கார் ஒரு வியாபாரியிடம் இருந்தது. பையனை அழைத்துக்கொண்டு நானும் போனேன். காரை ஆன் செய்து, அடாப்டரைச் செருகி, போனை இணைத்ததும் எண்கள் ஓடத் தொடங்கின. பேட்டரி ஆரோக்கியம் 91. தம்பி முகத்தில் ஆயிரம் வாட் பல்பு.

“இருங்கண்ணே, செல் பார்க்கணும்” என்றான் பையன்.

கார் பேட்டரி என்பது ஒரே பேட்டரி இல்லை. டார்ச் லைட்டில் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதுபோல, நூறு செல் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு செல் பலவீனமாக இருந்தாலும் மொத்த வரிசையும் அதோடு நிற்க வேண்டியதுதான். மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு கிள்ளை முழுக்குத்துறைக்கு நடந்து போனவர்களுக்கு இது புரியும். வாலிபப் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக நடந்தாலும், பாட்டியின் வேகம்தான் குடும்பத்தின் வேகம்.

நிறுத்தியிருந்தபோது மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் வித்தியாசம் 30 மில்லிவோல்ட். “சுமார்தான்” என்றான். அப்போது சார்ஜ் 22 சதவீதம் இருந்தது. “இதுதான் சரியான நேரம். ஓட்டிப் பார்க்கலாம்.” தம்பி ஓட்டினான். பையன் பக்கத்து சீட்டில் போனோடு உட்கார்ந்தான். ஆளில்லாத சாலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னான். வித்தியாசம் 180-க்குப் பாய்ந்தது. விட்டதும் இறங்கியது. மறுபடி அழுத்தினால் மறுபடி 180. மூன்று முறையும் அதே எண் கொண்ட அதே செல்தான் கீழே விழுந்தது.

“இந்தப் பாட்டி நடக்க மாட்டேங்குதுண்ணே” என்றான்.

நிறைய சார்ஜ் இருக்கும்போது இந்த வண்டி நன்றாகத்தான் ஓடும். சார்ஜ் குறையக் குறைய அந்த ஒரு செல் முதலில் காலியாகும். டிஸ்பிளே 15 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடக்கிவிடும். ராத்திரி எட்டு மணிக்கு, கடலூரைத் தாண்டி, ஆஸ்பத்திரியிலிருந்து களைத்து வரும் அம்மாவோடு, பி.முட்லூர் பக்கம் நெடுஞ்சாலையில் வண்டி நின்றால்? தம்பி சாவியை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். “போனை வெச்சிக்கிட்டுக் கார் வாங்க வந்துட்டாங்க” என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி தம்பி என்னிடம் பேசவில்லை. மனசுக்குள் அந்தக் காரில் அம்மாவை ஏற்றி ஊரைச் சுற்றிவந்துவிட்டான் போலிருக்கிறது. ஏமாற்றம் இருக்கத்தானே செய்யும்!

இரண்டாவது கார்: செருகவே விடவில்லை

அடுத்தது விளம்பரம் பார்த்துப் போனது. விலை மலிவு. அடாப்டரைப் பார்த்ததும் விற்பவர், “அதெல்லாம் செருகக் கூடாது, வாரன்ட்டி போயிடும்” என்றார். படிக்க மட்டும்தான் போகிறோம், எதையும் மாற்ற மாட்டோம் என்று விளக்கினோம். “அப்போ கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோவோம், செலவு எங்களுடையது. அங்கே செக் பண்ணி ரிப்போர்ட் வாங்கலாம்” என்றும் சொன்னோம். அதற்கும் ஒப்பவில்லை.

தன் காரில் யாரோ எதையோ செருகுவதை ஒருவர் விரும்பாததில் நியாயம் உண்டு. ஆனால் கம்பெனி சோதனைக்கும் மறுத்தால், அந்த மறுப்பையே ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்ளலாம். கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

மூன்றாவது கார்: கீறல் விழுந்த நல்ல வண்டி

சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டி. பின் பம்பரில் கீறல். சீட் துணி வெளுத்திருந்தது. ஐந்து வயது. பார்க்க அத்தனை அழகில்லை. தம்பிக்கு மனசே இல்லை.

“தாராளமா பாருங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்” என்று அவரே வந்து பக்கத்தில் நின்றார். ஆரோக்கியம் 86. முதல் காரைவிட ஐந்து குறைவு. ஆனால் செல் வித்தியாசம் நிறுத்தத்தில் 12 மில்லிவோல்ட், அழுத்தி ஓட்டியபோது 40-ஐத் தாண்டவில்லை. கீழே விழும் செல்லும் ஒவ்வொரு முறை ஒவ்வொன்றாக இருந்தது. பழுதுக் குறியீடு எதுவும் இல்லை. சர்வீஸ் புத்தகம் முழுசாக இருந்தது.

எல்லாப் பாட்டிகளும் ஒன்றாக நடந்தார்கள்.

யூனிட் மீட்டர் சொன்ன சாட்சி

ஆப் காட்டுவதைக் காரே கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதை வெளியிலிருந்து சரிபார்க்க ஒரு வழி உண்டு. நம் கரன்ட் பில்லில் வரும் ‘யூனிட்’ என்பதும், பேட்டரி அளவைச் சொல்லும் ‘கிலோவாட் ஹவர்’ என்பதும் ஒன்றேதான். 30 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால் 30 யூனிட் கொள்ளும் அண்டா.

ஆசிரியரிடம் கேட்டு, சுவர் சாக்கெட்டில் ஒரு சின்ன மின் மீட்டரைப் பொருத்தி, அதில் அவருடைய சார்ஜரைச் செருகினோம். 15 ஆம்பியர் தாங்கும் மீட்டராக இருக்க வேண்டும், சாதாரண பிளக்கில் இதைச் செய்யக் கூடாது. 30 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை ஏற்ற ஆறு மணி நேரத்துக்குள் ஆனது. மீட்டர் காட்டியது 17.4 யூனிட்.

கணக்கு இதோ. சுவரிலிருந்து எடுக்கும் கரன்ட் முழுவதும் பேட்டரிக்குப் போகாது. சூடாக வீணாவது சுமார் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், பேட்டரிக்குள் போனது 15.7 யூனிட். ஏறியது 60 சதவீதம். அப்படியானால் நூறு சதவீதத்துக்கு சுமார் 26 யூனிட். புதுசில் 30. இருபத்தாறை முப்பதால் வகுத்தால் 87 சதவீதம். ஆப் சொன்னது 86. இரண்டு சாட்சியும் ஒன்றையே சொன்னார்கள்.

அடுத்த கணக்கு அம்மாவுக்கானது. அந்த வண்டி யூனிட்டுக்கு சுமார் 7 கிலோமீட்டர் ஓடியது. 26 யூனிட்டுக்கு 182 கிலோமீட்டர். பதினைந்து சதவீதம் கையிருப்பாக விட்டாலும் 150-க்கு மேல். கிள்ளையிலிருந்து புதுச்சேரி போய்த் திரும்ப 140 வைத்துக்கொண்டாலும் ஏ.சி போட்டபடி வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னும் நாலைந்து வருஷத்தில் ஆரோக்கியம் குறைந்தால், புதுச்சேரியில் காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும். அது தெரிந்தே வாங்குகிறோம்.

எண்களைக் காட்டியே விலையும் பேசினோம். கணக்கு வாத்தியார் அவர், கணக்குக்கு மறுப்பு சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்.

நீங்களும் பார்க்கப் போகிறீர்களா?

1. வீட்டிலேயே ஆப்பைப் போட்டு, நீங்கள் வாங்கப்போகும் மாடல், பேட்டரி அளவு அதில் உண்டா என்று பாருங்கள். முடிந்தால் தெரிந்தவர்களின் அதே மாடல் காரில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

2. விற்பவரின் அனுமதி கேட்டு, அவர் எதிரிலேயே செருகுங்கள். கார் நின்றிருக்க வேண்டும், ஆன் நிலையில் இருக்க வேண்டும். இணைக்கும்போது ரகசிய எண் கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

3. ஆரோக்கிய சதவீதம், உயர்ந்த செல், தாழ்ந்த செல் வோல்டேஜ், பேட்டரி வெப்பநிலை, சார்ஜ் சதவீதம், ஓடிய கிலோமீட்டர், பழுதுக் குறியீடுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

4. செல் வித்தியாசத்துக்கு ஒரு கைக்கணக்கு: வண்டி நின்றிருக்கும்போது 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50-ஐத் தாண்டினால் காரணம் கேளுங்கள். ஓடும்போது 100-ஐத் தாண்டி, ஒரே செல் திரும்பத் திரும்ப விழுந்தால் விலகிவிடுங்கள், அல்லது கம்பெனி சோதனை இல்லாமல் வாங்காதீர்கள்.

5. இந்தியாவில் ஓடும் பல மின்சாரக் கார்களில் எல்.எஃப்.பி வகை பேட்டரி இருக்கிறது. இரும்பு, பாஸ்பேட் கொண்டது. நீடித்து உழைக்கும். ஆனால் சார்ஜ் நடுவில் இருக்கும்போது எல்லா செல்லும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் காட்டி, குறையை மறைத்துவிடும். முழு சார்ஜுக்குப் பக்கத்தில் ஒருமுறை, 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை என இரண்டு தடவை பாருங்கள். 50 சதவீதத்தில் மட்டும் காட்டி அனுப்பினால் ஏற்காதீர்கள்.

6. சில மாடல்களில் வருஷங்கள் ஓடிய பிறகும் ஆரோக்கியம் 100 என்றே காட்டும். கம்பெனி ஒளித்துவைத்திருக்கும் கூடுதல் கொள்ளளவு அதற்குக் காரணம். அங்கே யூனிட் மீட்டர் கணக்குதான் கைகொடுக்கும்.

7. வாரன்ட்டிப் புத்தகத்தைப் படியுங்கள். மின்சாரக் கார் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது நம் நாட்டில் பரவலான உத்தரவாதம். அது இரண்டாவது உரிமையாளருக்கும் தொடருமா, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு பேட்டரி மாற்றுவது லட்சங்களில் வரும் செலவு.

இவற்றைச் செய்யாதீர்கள்

அடாப்டரைச் செருகியபடியே விட்டுவிட வேண்டாம். காரில் விளக்கு, பூட்டு, கம்ப்யூட்டருக்கெல்லாம் உயிர் கொடுக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அடாப்டர் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் கார் கதவே திறக்காமல் போகலாம். மேலும், 1234 என்ற ரகசிய எண்ணோடு திறந்திருக்கும் ப்ளூடூத், வழியில் போகிறவருக்கும் வாசல்தான்.

ஆப்பில் ‘கிளியர்’, ‘கோடிங்’, ‘ரீசெட்’ என்று இருக்கும் எதையும் தொடாதீர்கள். பார்ப்பதோடு சரி. அடுத்தவர் காரில் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சண்டை.

ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது. ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் படிக்கட்டும். பானெட்டுக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் ஆரஞ்சு நிறத்தில் போகும் ஒயர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ளவை. அவற்றில் கை வைப்பது உயிரோடு விளையாடுவது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை

கடலூர் மாவட்டத்துக்குப் புயலும் வெள்ளமும் புதுசில்லை. 2011-ல் தானே, 2015-ல் பெருவெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல். வெள்ளத்தில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவதும் புதுசில்லை.

மின்சாரக் கார் பேட்டரிகள் தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டவைதான். ‘ஐபி 67’ என்ற தரம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. நாள்கணக்கில் நின்ற வெள்ளத்துக்கு அந்த வாக்குறுதி செல்லாது. உப்புத்தண்ணீர் அதைவிட மோசம். 2022-ல் இயான் புயல் அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. அதனால் நம் பக்கத்து வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். மிதியடிக்கு அடியில் முகர்ந்து பாருங்கள். அடாப்டர் செருகும் சாக்கெட்டின் ஊசிகளிலேயே பச்சைக் களிம்பு படிந்திருந்தால், ஆப்பைத் திறக்கும் வேலையே மிச்சம்.

எண்ணைக் காட்ட வேண்டியது யார்?

தம்பியும் எதிர்வீட்டுப் பையனும் பட்ட பாட்டை ஒவ்வொரு குடும்பமும் படத்தான் வேண்டுமா? உலகம் மெதுவாக மாறிவருகிறது. ஐ.நா.வின் வாகன விதிகளைப் பார்க்கும் அமைப்பு 2022-ல் பேட்டரி ஆயுளுக்கு ஒரு விதியை வகுத்தது. ஐந்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் மிஞ்ச வேண்டும் என்கிறது அது. கலிபோர்னியாவில் 2026 மாடல் கார்களிலிருந்து பேட்டரி ஆரோக்கியத்தை உரிமையாளரே காரின் திரையில் பார்க்கும் வசதி இருக்க வேண்டும் என்று 2022-ல் விதி செய்தார்கள். ஓடிய கிலோமீட்டர் டேஷ்போர்டில் தெரிவதுபோல இதுவும் தெரிய வேண்டியதுதானே? அதுவரை அந்தத் தீப்பெட்டி அளவு அடாப்டர்தான் நமக்குத் துணை.

கார் வந்து ஆறு மாதம் ஆகிறது. மாதம் ஒருநாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, முழு சார்ஜ் ஏறிய பிறகு தம்பி அடாப்டரைச் செருகிப் பார்க்கிறான். தேதி, கிலோமீட்டர், ஆரோக்கியம், செல் வித்தியாசம் என நாலு கட்டம் போட்டு, அம்மாவின் பழைய பால் கணக்கு நோட்டில் எழுதி வைக்கிறான். 86-ல் தொடங்கியது, போன மாதம் 85.4.

பம்பரில் இருக்கும் கீறலை இன்னும் சரிசெய்யவில்லை. “சங்கிலியை மீட்டப்புறம் பாத்துக்கலாம்” என்கிறான். அம்மாவோ காரில் ஏறியதும் கேட்கும் முதல் கேள்வி, “தம்பி, பேட்டரிக்குப் பார்த்தியா?” என்பதுதான். ஆஸ்பத்திரியில் இவருக்கு பிரஷர் பார்ப்பதுபோல, அதற்கும் யாராவது பார்க்க வேண்டுமில்லையா என்று ஒரு கரிசனம்.